தோப்பில் இறக்கித் தோப்பிலேயே விற்கும் கள்: காரைக்கால் கடலோரத்துக் குடும்பக் கடை

காவிரிப் படுகையில் நல்ல கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குக் காரைக்கால் பகுதியில், கோட்டுச்சேரிக்குக் கிழக்கே கடலை நோக்கிப் போகும் வழியில், ஒரு குடும்பம் நடத்திவரும் சிறிய கள்ளுக்கடையைத் தயங்காமல் சொல்வேன். கடைக்கென்று தனிப் பெயர் இல்லை. உரிமம் பெற்ற கள்ளுக்கடை என்று அறிவிக்கும் பலகை ஒன்று வேலியோரம் நிற்கிறது; அதற்குப் பின்னால் தென்னந்தோப்பு, தோப்பின் நடுவே கீற்றுக் கொட்டகை, கொட்டகைக்குக் கிழக்கே மணல்மேடு, மேட்டுக்கு அப்பால் கடல். தந்தை, இரண்டு மகன்கள், மருமகள் என நால்வர் சேர்ந்து நடத்தும் இந்தக் கடையில் விற்கப்படும் கள் முழுவதும் அந்தத் தோப்பிலும் அதையொட்டிய வரப்புப் பனைகளிலும் இறக்கப்படுவது. வேறு ஊரிலிருந்து வண்டியில் வரும் கள்ளை இவர்கள் வாங்கி விற்பதில்லை. அதைவிட முக்கியமாக, எந்தக் கள்ளை எப்போது இறக்கினார்கள் என்பதை நாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டுத்தான் ஊற்றுகிறார்கள். மரத்தையும் மண்ணையும்விட நேரமே கள்ளின் தரத்தை முடிவு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. அந்த நேரத்தை மறைக்காமல் விற்கும் கடை என்பதாலேயே இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

கடை ஏன் காரைக்காலில் இருக்கிறது என்பதை இளைய வாசகர்களுக்காகச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது திறக்கப்பட்ட கள்ளுக்கடைகள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. 1981-இல் மீண்டும் திறக்கப்பட்டு, 1987 ஜனவரி 1 முதல் முற்றிலும் மூடப்பட்டன. அன்று முதல் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கள் இறக்குவதும் விற்பதும் குற்றம். 1739 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்து, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஓர் அங்கமாக இருக்கிறது. ஆகவே அங்கே கலால் சட்டம் வேறு. கள்ளுக்கடைகள் அரசு ஏலத்தின் வழியாக உரிமம் பெற்று நடக்கின்றன. வடக்கே நண்டலாற்றைக் கடந்ததிலிருந்து தெற்கே வாஞ்சூர் எல்லை வரையுள்ள அந்தச் சிறு நிலப்பகுதிதான், காவிரி பாயும் கீழ்க்கோடி நாட்டில் சட்டத்துக்கு உட்பட்டுக் கள் அருந்தக்கூடிய ஒரே இடம். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பிறந்து வளர்ந்து நாற்பது வயதைத் தொடுகிற பலர், தம் ஊர் மரத்தின் கள்ளை ஒருமுறைகூட நாவில் வைத்ததில்லை. நல்லதைக் கெட்டதிலிருந்து பிரித்தறியும் பழக்கம் ஒரு தலைமுறையாக அற்றுப்போயிருக்கிறது என்பதையும் இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

இந்தத் தோப்பில் கள் இறக்கும் முறையை அருகிலிருந்து பார்க்க விடுகிறார்கள். விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் மெதுவாகத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிவிட்டால் சில நாட்களில் நீர் சுரக்கத் தொடங்குகிறது. அதன்பிறகு காலையும் மாலையும் ஏறி, நுனியை ஒரு தாள் கனத்துக்குச் சீவிப் புதிதாக்கி, நிறைந்த கலயத்தை இறக்கிவிட்டு வேறு கலயத்தைக் கட்ட வேண்டும். ஒரு வேளை தவறினாலும் வெட்டுவாய் அடைத்துச் சுரப்பு குறைந்துவிடும். பாளையை ஆழமாகச் சீவிவிட்டால் அது விரைவில் தீர்ந்துபோகும். மேலோட்டமாகச் சீவினால் நீர் சரியாக வடியாது. நன்றாகச் சுரக்கும் தென்னை நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் அளவுக்குத் தருகிறது. ஆனால் சீவப்படும் பாளையில் தேங்காய் பிடிக்காது என்பதால், கள்ளுக்கு விடப்படும் மரத்தின் காய் வருமானத்தைக் குடும்பம் இழக்கிறது. இப்போது ஏறுபவர்கள் மகன்கள் இருவரும்தான். தந்தை மரத்தடியில் நின்று, இறங்கி வரும் ஒவ்வொரு கலயத்தையும் முகர்ந்து பார்த்து, எது கடைக்குப் போக வேண்டும், எது காடிச் சாடிக்கு, அதாவது கள்ளைப் புளிக்கவைத்து வினிகராக்கும் சாடிக்கு, போக வேண்டும் என்று அங்கேயே பிரித்துவிடுகிறார். கடையின் தரம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் படுகையின் தென்கோடித் தோப்புகள் அழிந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்தத் தோப்பும் அன்று உயரமான மரங்கள் சிலவற்றை இழந்தது. அதன்பின் நடப்பட்ட நெட்டைக் கன்றுகள் இப்போதுதான் பாளை விடும் பருவத்துக்கு வந்திருக்கின்றன என்பதால், கள்ளுக்கு விடப்படும் மரங்கள் குறைவாகவே இருக்கின்றன. கடையில் சரக்கு சீக்கிரம் தீர்ந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்தால் இந்தக் குறை தீரும் என்றாலும் அவர்கள் அதைச் செய்யாமல் இருப்பதை நான் மதிக்கிறேன்.

சிறு ஆலைகளில் கைப்பக்குவத்தோடு காய்ச்சப்படும் பீர் வகைகளைப் பற்றி ஆர்வத்தோடு பேசும் நண்பர்கள் பலர் எனக்கு உண்டு. அவர்களுக்குக் கள்ளின் தன்மையை விளக்க, இரண்டும் உருவாகும் வழியை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது உதவும். பீருக்கு வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி மால்ட்டாக்கி, வெந்நீரில் ஊறவைத்து அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, ஹாப்ஸ் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டைச் சேர்த்துப் பல நாட்கள் நொதிக்க விடுகிறார்கள். கொதிக்கும் கட்டத்தில் வேண்டாத நுண்ணுயிர்கள் அழிந்துவிடுவதால், பின்னால் சேர்க்கும் ஈஸ்ட் ஒன்றே அந்தப் பானத்தை ஆள்கிறது. கள்ளுக்கு இவற்றில் எதுவும் இல்லை. தென்னம்பாளையின் நீரில் சர்க்கரை ஏறக்குறைய 12 முதல் 15 விழுக்காடு வரை ஏற்கெனவே கரைந்திருக்கிறது; காற்றிலும் பாளையிலும் கலயத்தின் உட்சுவரிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும், சொட்டு விழுந்த கணமே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் அந்த நுண்ணுயிர்கள் அடங்கி, புளிக்காத பதநீர் கிடைக்கும். தடவாவிட்டால் அது கள். பீர் காய்ச்சுபவர் தம் பானத்தை ஒரு நிலையில் நிறுத்தி, பாட்டிலில் அடைத்து, மாதக்கணக்கில் அதே சுவையில் வைத்திருக்க முடியும். கள் இறக்குபவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் கையில் இருப்பவை மூன்று: சீவும் ஆழம், கலயத்தின் சுத்தம், இறக்கும் நேரம். இந்த மூன்றிலும் காட்டும் கவனம்தான் அவருடைய கைத்திறன்.

கலயத்தைக் கழுவும் முறை இங்கே என்னைக் கவர்ந்தது. முந்தைய வேளையின் வண்டல் கலயத்தின் அடியில் தங்கியிருந்தால், அது புதிய நீருக்கு உறை மோர்போல ஆகிவிடும். பாளையிலிருந்து இறங்குவதற்கு முன்பே கள் முற்றிப் புளித்துவிடும். இந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு கலயமும் வெந்நீரில் கழுவப்பட்டு, வெயிலில் கவிழ்த்துக் காயவைக்கப்பட்ட பிறகே மரம் ஏறுகிறது. மரங்களின் தேவையைப் போல் இரண்டு மடங்கு கலயங்கள் வைத்திருப்பதால் இது முடிகிறது. இன்று பல இடங்களில் மண்கலயத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குடங்கள் மரத்தில் தொங்குவதைப் பார்க்கிறேன். அவை உடையாது, எடையும் இல்லை. ஆனால் மண்கலயத்தின் சுவரில் ஈரம் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருக்கும் நீர் சற்றுக் குளிர்ந்தே இருக்கிறது, நொதித்தலும் நிதானமாக நடக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் இந்த வேறுபாட்டை நாக்கே சொல்லிவிடும்.

இனிச் சுவைக்கு வருகிறேன். காலையில் இறக்கிய தென்னங்கள்ளிலிருந்து தொடங்க வேண்டும். துணியில் வடிகட்டிக் குவளையில் ஊற்றும்போது, மெல்லிய வெண்ணுரை விளிம்புவரை எழுந்து, சிறிது நேரத்தில் அடங்கி, ஓரங்களில் மட்டும் நிற்கிறது. கலங்கலான வெண்மை, மிதந்துகொண்டிருக்கும் ஈஸ்ட்டினால் வருவது. முதலில் எழும் மணம் தென்னம்பூவின் மணம். அதற்கு அடியில் பச்சரிசி ஊறிய நீரின் மெல்லிய வாடை. வாயில் வைத்ததும் இனிப்பு முன்னால் வருகிறது, ஆனால் அது திகட்டும் இனிப்பு அன்று. நாவின் ஓரங்களில் ஒரு சிறு புளிப்பு உடனே வந்து அதைச் சமன்செய்கிறது. கரியமில வாயுவின் துடிப்பு நாவில் தெரிகிறது. விழுங்கிய பின் தொண்டையில் தங்குவது இளநீர் வழுக்கையின் எண்ணெய்ப் பசை கலந்த ஒரு மென்மை. இந்தக் கள் இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது என்பதை நினைவில் வைத்தால் இந்தச் சுவையின் காரணம் விளங்கும். முந்திய மாலையில் விழுந்த முதல் சொட்டு பன்னிரண்டு மணி நேரம் நொதித்திருக்கிறது. விடியலில் விழுந்த கடைசிச் சொட்டு இன்னும் பாளை நீராகவே இருக்கிறது. ஒரே குவளையில் முதிர்ந்ததும் இளையதும் கலந்திருப்பதால்தான், இனிப்பும் புளிப்பும் போதையும் ஒன்றையொன்று அடக்காமல் சேர்ந்து நிற்கின்றன. எத்தனை திறமையான பீர் ஆலையிலும் இந்த அமைப்பை நான் கண்டதில்லை.

நண்பகலை நெருங்கும்போது அதே காலைக் கள் வேறொரு பானமாகிவிடுகிறது. இனிப்பு பாதிக்கு மேல் வடிந்து, நுரை பெருகி, மணத்தில் பழம் கனிந்த சாயல் கூடுகிறது. உடல் மெலிந்து, புளிப்பு நேராக வருகிறது. குடித்து முடித்த பிறகு நாவில் ஒரு துவர்ப்பு தங்குகிறது. பீர் குடித்துப் பழகியவர்களுக்கு இந்த நிலைதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். புளிப்பான பீர் வகைகளை விரும்புகிறவர்கள் இதில் தமக்குப் பழக்கமான பலவற்றைக் காண்பார்கள். எனக்கும் இந்த நேரத்துக் கள் பிடித்திருக்கிறது, குறிப்பாக மீனுடன். எனினும் காலைக் கள்ளின் நிறைவு இதில் இல்லை.

மாலையில் இறக்குவது பகல் வெயிலில் சேர்ந்த கள் என்பதால், கலயத்துக்குள்ளேயே அது வேகமாக நொதித்து, இறங்கும்போதே காரமாக இருக்கிறது. படுகையில் அந்திக் கள் என்று சொல்லப்படும் இதை நாடி வருபவர்கள் பெரும்பாலும் வேலை முடித்த உழைப்பாளிகள். இதில் மலர் மணம் இல்லை. முகரும்போதே மூக்கில் ஏறும் கூர்மை உண்டு. முதல் மிடறு கடினமாகத்தான் இருக்கிறது, பிறகு நாக்கு அதற்கு இசைந்துவிடுகிறது. கள்ளில் சாராயச் சத்து வழக்கமாக 4 முதல் 6 விழுக்காடு வரை இருக்கும். அந்திக் கள் அந்த மேல் எல்லையை ஒட்டியது என்று கொள்ளலாம். அதாவது, இந்தியாவில் விற்கப்படும் ஸ்ட்ராங் பீரின் கீழ் எல்லைக்கு அது வந்துவிடுகிறது. கள் உணவுதான், போதைப்பொருள் அன்று என்று மேடைகளில் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. ஈஸ்ட் கலந்த பானம் என்பதால் அதில் சில பி வகை வைட்டமின்கள் இருப்பது உண்மை. சாராயம் இருப்பதும் உண்மை. அளவு தெரிந்து அருந்த வேண்டிய பானமாகவே அதை மதிக்கிறேன். இக்கடையில் ஏற்கெனவே தள்ளாடி வருபவருக்கு ஊற்ற மறுப்பதை நேரில் பார்த்தேன். மருமகள்தான் மறுத்தார்; “போதும் அண்ணே, வீட்டுக்குப் போங்க” என்று அவர் சொன்ன குரலில் மரியாதையும் இருந்தது, உறுதியும் இருந்தது.

இரவு வரை விற்காமல் மிஞ்சியதை மறுநாள் காலைக் கள்ளோடு கலப்பதில்லை என்பது இந்தக் கடையின் மற்றொரு சிறப்பு. கலந்தால் யாருக்கும் எளிதில் தெரியாது; முதல் அரை மணி நேரத்தில் இனிப்பு அதை மூடிவிடும். ஆனால் பழைய கள்ளில் பெருகியிருக்கும் பாக்டீரியா புதிய கள்ளை விரைந்து புளிக்கவைத்து, வயிற்றையும் கெடுக்கும்.

பனங்கள்ளுக்கு வருவோம். மாசியில் தொடங்கி ஆனி வரை, பனை பாளை விடும் காலத்தில் மட்டும் இது கிடைக்கிறது. ஆண்பனையின் பாளைகளை இடுக்கிக் கட்டையால் நசுக்கி, சேர்த்துக் கட்டி, நுனி சீவிக் கலயம் கட்டுகிறார்கள்; பெண்பனையில் குலை விடும் பாளையைப் பதப்படுத்துகிறார்கள். தமிழ்நாடு அரசு 1978-இல் மாநில மரமாக அறிவித்த பனையின் கள்ளை அந்த மாநிலத்தின் எல்லைக்கு வெளியே வந்து குடிக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பனங்கள் தென்னங்கள்ளைவிட அடர்த்தியானது. பனைவெல்லத்தில் வரும் அந்தக் கருகிய இனிப்பின் சாயல், காய்ச்சப்படாத இந்த நீரிலேயே மெல்லத் தெரிகிறது. நொதித்த பின்பும் அது முழுவதும் மறைவதில்லை. புளிப்பு குறைவு. மண் வாடை ஒன்று பின்னணியில் உண்டு. அது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். காலை வேளையில் இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைத்தால், தென்னங்கள்ளின் துள்ளலும் பனங்கள்ளின் நிதானமும் தெளிவாக விளங்கும். என் விருப்பம் பனங்கள்ளின் பக்கம்.

பல மரங்களின் கள்ளை ஒன்றாகச் சேர்த்துத்தான் எந்தக் கடையிலும் விற்பார்கள். இங்கேயும் அப்படித்தான். ஆனால் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் ஒத்த மரத்துக் கள் கொடுக்கிறார்கள். ஒரே மரத்தின் ஒரே கலயத்திலிருந்து, வேறெதுவும் கலக்காமல். உடல்நலத்துக்கென்று ஒரு மண்டலம் இதை அருந்தும் பழக்கம் முதியவர்களிடையே உண்டு. அந்த நம்பிக்கையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சுவைப்பவனாக எனக்கு அது தந்தது வேறு ஒன்று. தோப்பின் மேற்கு வரப்பில், வாய்க்காலை ஒட்டி நிற்கும் ஒரு தென்னையின் கள்ளும், கிழக்கே மணல்மேட்டின் அடியில் நிற்கும் ஒன்றின் கள்ளும் ஒரே காலையில் கிடைத்தன. வாய்க்கால் மரத்துக் கள் இலகுவாகவும் நீர்த்தன்மையோடும் இருந்தது. மணல் மரத்துக் கள் அளவில் குறைவு. ஆனால் இனிப்பு செறிந்து, வாயை நிறைத்தது. கடலோர மரத்தின் கள்ளில் உப்பு கரிக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் நாவுக்கு உப்பு எதுவும் தெரியவில்லை. குவளையின் விளிம்பில் காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பைத்தான் அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

கலப்படத்தைப் பற்றிப் பேசாமல் கள்ளைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. குளோரல் ஹைட்ரேட், டயசிபாம் போன்ற மயக்கப் பொருள்களைக் கள்ளில் கலந்து விற்றதால் உயிரிழப்புகள் நேர்ந்த செய்திகள் ஆந்திர, தெலங்கானா பகுதிகளிலிருந்து பலமுறை வந்துள்ளன. மரங்கள் குறைவாகவும் தேவை அதிகமாகவும் இருக்கும் இடத்தில், தண்ணீரை ஊற்றிப் பெருக்கி, குறைந்த இனிப்பைச் செயற்கை இனிப்பான சாக்கரினாலும் குறைந்த போதையை மாத்திரையாலும் ஈடுகட்டும் ஆசை எழுகிறது. இதைக் கண்டுபிடிக்கச் சுவைப்பவரிடம் உள்ள எளிய கருவியும் நேரம்தான். சர்க்கரையை உண்டுதான் ஈஸ்ட் சாராயத்தை உண்டாக்குகிறது. ஆகவே போதை ஏற ஏற இனிப்பு இறங்கியே தீர வேண்டும். மாலையில் ஊற்றப்படும் கள் ஒரே சமயத்தில் தேனாக இனித்து, தலையையும் விரைவாகக் கிறுகிறுக்க வைத்தால், அதில் மரம் தராத ஏதோ ஒன்று இருக்கிறது. காரைக்கால் நகருக்கு வெளியே நெடுஞ்சாலையோரத்தில் வேறொரு கடையில் எனக்குக் கொடுக்கப்பட்ட கள் அப்படித்தான் இருந்தது. நுரை எழவே இல்லை, இனிப்பு நாவின் அடியில் உலோகக் கசப்பாக ஒட்டிக்கொண்டது. ஒரு மிடறுக்குப் பிறகு வைத்துவிட்டேன். தோப்புக் கடையில் அந்திக் கள் எப்போதும் புளிக்கிறது. முகம் சுளிக்கும் புதியவர்களிடம் அது அப்படித்தான் இருக்கும், இனிப்பு வேண்டுமானால் காலையில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

சாக்கனா, அதாவது கள்ளுக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டங்கள், எல்லாம் மருமகளின் கைவண்ணம். அவித்த வேர்க்கடலையும் முட்டையும் எப்போதும் உண்டு. காலையில் படகு கரை சேர்ந்தபின் கிடைக்கும் மீனைப் பொறுத்து மற்றவை மாறும்: நெத்திலி வறுவல், மத்திக் குழம்பு, சில நாட்களில் நண்டு. நெத்திலியை மிளகும் மஞ்சளும் உப்பும் மட்டும் தடவி மொறுமொறுப்பாக வறுக்கிறார். காலைக் கள்ளுடன் இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. மிளகின் காரம் மெதுவாக எழுந்து, கள்ளின் இனிப்பை மறைக்காமல் நிற்கிறது. மத்திக் குழம்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. புளியும் மிளகாயும் மிகுதி. சோற்றுடன் சாப்பிட்டால் அருமையான குழம்பு. கள்ளுடன் சேரும்போது இரண்டு புளிப்புகள் மோதி, கள்ளின் நுட்பம் முழுவதும் அழிந்துவிடுகிறது. தனியாகக் கள்ளைச் சுவைக்க வருபவர்கள் குழம்பைப் பிறகு சாப்பிடுவது நல்லது.

காடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தந்தை பிரித்து வைக்கும் கலயங்களும், இரவில் மிஞ்சும் கள்ளும் வாயகன்ற சாடிகளில் ஊற்றப்பட்டு, மெல்லிய துணியால் மூடப்பட்டு, கொட்டகையின் நிழலான மூலையில் வாரக்கணக்கில் வைக்கப்படுகின்றன. காற்றுப் படும் மேற்பரப்பில் வளரும் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் சாராயத்தை அமிலமாக மாற்றிவிடுகின்றன. தெளிந்ததும் இறுத்துப் பாட்டிலில் அடைத்துக் கொடுக்கிறார்கள். வெளிர்மஞ்சள் நிறம், கூர்மையான ஆனால் எரிச்சல் இல்லாத புளிப்பு, பின்னால் தென்னையின் மணம். கடைகளில் விற்கும் செயற்கை வினிகரோடு இதை ஒப்பிடவே முடியாது. வெங்காயத்தை இதில் ஊறவைத்து வறுத்த மீனுக்குத் தொட்டுக்கொள்வதையும், மீன் ஊறுகாய்க்கு இதை ஊற்றுவதையும் பரிந்துரைக்கிறேன். ஆப்ப மாவைப் புளிக்கவைக்கக் காலைக் கள்ளைத் தூக்கில் வாங்கிச் செல்லும் காரைக்கால் பெண்களும் உண்டு. காடியோ கள்ளோ எதுவாயினும், இந்தக் கடையில் ஒரு சொட்டும் வீணாவதில்லை. மிஞ்சுவதற்கு இப்படி ஒரு வழி இருப்பதால்தான் பழையதைப் புதியதில் கலக்கும் கட்டாயம் அவர்களுக்கு ஏற்படுவதில்லை என்று நான் நினைக்கிறேன். மற்றக் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன, அவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையோடுதான் எழுதுகிறேன். மண்கலயத்தில் இத்தனை கவனமாக இறக்கிய கள்ளைப் பிளாஸ்டிக் குவளையில் ஊற்றித் தருகிறார்கள். பழைய குவளைகளில் முன்பு ஊற்றியதன் புளித்த வாடை நீங்காமல் இருக்கிறது, காலைக் கள்ளின் மலர் மணம் அதில் பாதி போய்விடுகிறது. கேட்டால் கண்ணாடிக் குவளை எடுத்துத் தருகிறார்கள்; கேட்காமலே தர வேண்டும். வடிகட்டும் துணி இன்னும் நெருக்கமான நெசவாக இருக்கலாம். பூச்சிகள் தங்கிவிடுகின்றன என்றாலும் பாளைத் துகள்கள் சில நேரம் இறங்கிவிடுகின்றன. விலைப் பலகை இல்லை. வாங்கும் விலை நியாயமானது, ஒரு பாட்டில் பீருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு, யாரிடமும் கூடுதலாக வாங்குவதையும் நான் பார்க்கவில்லை. ஆனாலும் எழுதி வைப்பது புதியவர்களுக்கு உதவும். பெண்கள் வந்து அமர்ந்து சுவைக்கும் நிலை இங்கே இல்லை. கடையை நடத்துவதில் பாதி உழைப்பு ஒரு பெண்ணுடையது என்னும்போது, குடும்பத்தோடு வந்து ஒரு குவளைக் காலைக் கள்ளும் நெத்திலியும் சாப்பிட்டுப் போகும்படி கொட்டகையின் ஒரு பகுதியையாவது ஒதுக்கலாம். கழிப்பறை வசதியும் அவசியம்.

மழைக்காலத்தில் போவதைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மரம் வழுக்கும் என்பதால் சில நாட்களில் ஏறவே மாட்டார்கள்; ஏறினாலும் கலயத்தில் மழைநீர் சேர்ந்து கள் நீர்த்துவிடும். அந்த நாட்களில் கடையைத் திறந்து வைத்துத் தண்ணீர்க் கள்ளை விற்பதைவிட மூடிவிடுவதையே இவர்கள் விரும்புகிறார்கள். மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த விடியலில் நொதித்தல் மெதுவாக நடப்பதால் தென்னங்கள்ளின் இனிப்பு முற்பகல் வரை நிலைத்திருக்கிறது. முதன்முறையாகச் சுவைப்பவர்களுக்கு அந்தப் பருவம் மிகப் பொருத்தம். பனங்கள்ளுக்குப் பங்குனி.

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் பொறையாறு வழியாகவும், நாகப்பட்டினத்திலிருந்து வருபவர்கள் நாகூர், வாஞ்சூர் வழியாகவும் பேருந்தில் வரலாம். சொந்த வண்டியில் வந்தால் ஓட்டுபவர் குடிக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கள்ளைப் பாட்டிலில் எடுத்துச் செல்ல முயல வேண்டாம்: எல்லையைக் கடந்தால் தமிழ்நாட்டில் அது குற்றம், அது ஒருபுறமிருக்க, இறுக மூடிய பாட்டிலுக்குள் நொதித்தல் தொடர்ந்து வாயு சேர்ந்து பாட்டில் வெடித்துவிடும், வெடிக்காமல் தப்பினாலும் வீடு சேரும்போது நீங்கள் வாங்கிய கள்ளாக அது இருக்காது. காலையில் கலயம் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் அங்கே இருப்பது நல்லது. ஒன்பது மணிக்கு மேல் காலைக் கள் அதிகம் மிஞ்சுவது அரிது. ஒத்த மரத்துக் கள் வேண்டுமானால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், எந்த மரம் என்றும் குறிப்பிட்டுக் கேட்கலாம். மணல்மேட்டின் அடியில் நிற்கும் தென்னையைக் கேளுங்கள்.